ஓடினால் கேட்பார்கள்

விருத்தாசலத்தில் ஒரு பெண் விடிகாலையில் ரோட்டில் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது. உடம்பு இளைக்க ஓடுவதெல்லாம் சென்னைக்காரர்கள் சமாச்சாரம். இங்கே ஓடுகிறவளைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் போகிறவன் மனுஷனே இல்லை.

கயல்விழி ஓட ஆரம்பித்த முதல் நாளே டிரைவர் டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார். "ஏறும்மா, எந்த ஆஸ்பத்திரி?" என்றார். "ஒண்ணுமில்லைங்க, சும்மா ஓடறேன்" என்றாள். சும்மா யாராவது ஓடுவார்களா என்று பஸ்ஸே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. மறுநாள் கரும்பு டிராக்டர்காரன் கேட்டான். அதற்கு அடுத்த நாள் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் கிளாஸும் கையுமாக எழுந்து வந்தார்கள். எல்லோருக்கும் அதே பதில்தான்.

இதில் அவளாக ஆசைப்பட்டு இறங்கவும் இல்லை. தை மாதம் நெய்வேலியில் பெண்களுக்குப் பத்து கிலோமீட்டர் ஓட்டம் என்று அவள் வேலை பார்க்கிற பீங்கான் கம்பெனியின் சூப்பர்வைசர் அன்புக்கரசி ஆள் சேர்த்தாள். மற்றவர்கள் சிரித்து மழுப்பிவிட்டார்கள். கயல்விழிக்கு வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை. கொஞ்ச காலமாகவே அவளுக்கு எதுவும் வேண்டும் என்றும் தோன்றுவதில்லை, வேண்டாம் என்றும் தோன்றுவதில்லை. சரி என்றாள். கொஞ்சம் ஓடு, கொஞ்சம் நட என்று போனில் ஒரு அட்டவணை வந்தது. அதற்கும் சரி என்றாள்.

நேரம் மட்டும் எங்கே கொட்டிக் கிடக்கிறது? தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, மகள் யுவஸ்ரீக்குத் தலை பின்னி வேனில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போக வேண்டும். அங்கே பொழுதுக்கும், அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் சுடாத பச்சைப் பொம்மைகளின் பிசிறை ஈரப் பஞ்சால் துடைக்கிற வேலை. கணவன் ராஜவேலுக்கு வேறொரு கம்பெனியில் சூளையடியில் ராத்திரி ஷிப்ட். நன்றாக விடிந்துதான் வருவான். ஆகவே தூங்குகிற மகளை உள்ளே வைத்து, வெளியே பூட்டிக்கொண்டுதான் கயல்விழி ஓடினாள். தெரிந்தால் ஊர் திட்டும். திட்டுகிற யாரும் வந்து பிள்ளைக்குக் காவல் இருக்கப் போவதில்லை.

போன ஆடியில் அவளுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வராமலே, ஆஸ்பத்திரி கண்ணாடிப் பெட்டியிலேயே அடங்கிப் போனது. ராஜவேலும் இன்னும் இரண்டு ஆண்களும் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு நேரே இடுகாட்டுக்குப் போனார்கள். அத்தனை சின்ன உயிருக்கு மேளம் இல்லை, பந்தல் இல்லை, ஒப்பாரி இல்லை. அதுதான் வழக்கம். பெற்றவள் அழுதால் அடுத்தது தங்காது என்று சொல்லி அவள் வாயையும் அடைத்தார்கள். அடக்கி அடக்கிப் பழகியதில் அழுகை போயிற்று. அதோடு மற்றதெல்லாமும் போயிற்று.

மூன்றாவது படிக்கிற யுவஸ்ரீ ஒருநாள் தலை பின்னும்போது, "அம்மா, என்னைய உனக்குப் புடிக்காதா?" என்று கேட்டாள்.

"புடிக்கும்."

சொன்ன வாய்க்கே அது பொய் மாதிரி இருந்தது. அதைக் கேட்டும் தனக்கு வலிக்கவில்லையே என்றுதான் கயல்விழிக்குப் பயமாக இருந்தது. இருக்கிற பிள்ளையும் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. பிடித்து நிறுத்தத்தான் கை எழவில்லை. பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள்.

பால்காரர் கொளஞ்சியப்பன் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வண்டியில் வந்து அவள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர். திட்டக்குடியில் மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டு ஒருநாள் விடிகாலையில்தான் மறுபடி பால் ஊற்ற வந்தார். ஓட்டக் கதை அவருக்குத் தெரியாது. எதிரே ஓடி வருகிறவளைப் பார்த்ததும் பிரேக் அடித்தார்.

"யம்மா கயலு! என்னா இப்படி ஓடியார? யாருக்கு என்னாச்சு?"

அவளுக்கு மூச்சு இரைத்தது. வழக்கமான பதிலுக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"புள்ள போயிடுச்சுங்க."

"அய்யய்யோ! ராஜவேலக் கூப்பிடத்தான் ஓடுறியா? நீ போம்மா, நான் வூட்டாண்ட போயி பாக்குறேன்!"

போன ஆடியில் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் வண்டி பறந்துவிட்டது. கயல்விழி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வார்த்தை எப்படி வந்தது என்று மட்டும் கொஞ்சம் யோசித்தாள். மணிமுத்தாற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினாள். அட்டவணை அப்படித்தான் சொன்னது. கெட்ட சேதி வண்டி இல்லாமலே ஊரைச் சுற்றும், இன்றைக்கு வண்டியும் கிடைத்திருக்கிறது என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

தெரு முனை திரும்பினால், அவள் வீட்டு வாசலில் கூட்டம். எந்தச் சாவையும் தவறவிடாத அருக்காணி தலையை அவிழ்த்துப் போட்டு மாரில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடம் போற புள்ள, பாடையேறிப் போறியாடி..."

அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்றுதான். அதை உள்ளே வைத்துப் பூட்டியவள் இவள்தான்.

கயல்விழி ஓடினாள். இதுவரை ஓடியதெல்லாம் ஓட்டமே இல்லை. கூட்டம் விலகியது, யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சாவி பூட்டுக்குள் போகமாட்டேன் என்றது. யாரோ பிடுங்கித் திறந்துவிட்டார்கள்.

யுவஸ்ரீ பாயில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அம்மா, நம்ம வூட்ல யாரும்மா செத்துட்டாங்க?"

கயல்விழி அவளை வாரி இறுக்கிக்கொண்டாள். பயமும் ஆசையும் ஒன்றாக நெஞ்சை முட்டின. வலித்தது. எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் உடம்பு முழுக்க வலித்தது. "விடும்மா, நசுக்குற" என்று பிள்ளை நெளிந்தது. அவள் விடவில்லை.

வெளியே கொளஞ்சியப்பனுக்கு அர்ச்சனை ஆரம்பித்துவிட்டது. "அதுதாங்க சொல்லுச்சு, என் காதால கேட்டேன். கதவத் தட்டியும் பாத்தேன், உள்ள சத்தமே இல்ல" என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். எல்லோரும் கயல்விழி பக்கம் திரும்பினார்கள். அவள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அவரு பொய் சொல்லலைங்க. போயிடுச்சுதான். போன ஆடியில." மகளை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அதுக்கு யாரும் அழுவலியே..."

முடியை அள்ளிச் செருகப் போன அருக்காணி அப்படியே விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கயல்விழியை இழுத்து உட்காரவைத்தாள்.

"பால் குடிக்கிற புள்ளைக்கு மாரடிக்கிற வழக்கம் இல்லியே அக்கா" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"வழக்கத்த நான் பாத்துக்குறேன், நீ வாய மூடு" என்றாள் அருக்காணி. "வந்தது வந்துட்டோம். கயலு, பேரச் சொல்லு. பேரு தெரியாம எப்படிடி அழுவுறது?"

பேர் இருந்தது. வயிற்றில் இருந்தபோதே அவளாக வைத்தது. ராஜவேலுக்குக்கூடத் தெரியாது.

"கார்முகிலு" என்றாள் கயல்விழி. அந்தப் பேரைச் சொல்லி முதலில் குரலெடுத்து அழுததும் அவள்தான்.