ரூத்துக்கு இன்னும் முந்நூறு மணி நேரம்

1

இந்தக் கதை எனக்குக் கோச்சடையில் ஒரு ஃபிளெக்ஸ் பேனரிலிருந்து கிடைத்தது. 'எங்கள் தெருவின் முதல் விமானி ரூத்துக்கு வாழ்த்துகள்.' கீழே வாழ்த்தியவர்கள் பதினேழு பேரின் படம். ரூத்தின் படத்துக்கு இடம் போதவில்லை. லைசென்ஸ் வாங்கியதுமே வைத்துவிட்டார்கள். வேலை கிடைத்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போது "பாப்பா எந்த ஃபிளைட் சார் ஓட்டுது?" என்று கேட்பவர்களுக்குப் பயந்து, அவள் அப்பா ஞானசீலன் வாத்தியார் சர்ச்சுக்குச் சுற்றுவழியில் போகிறார்.

2

சிறு வயதிலிருந்தே வானத்தைப் பார்த்து [அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் நானே படிக்கமாட்டேன்.]

ரூத் இருநூறு மணி நேரம் பறந்தவள். மேகமில்லாத பகலில் கண்ணால் பார்த்து ஓட்டும் சின்ன விமான வேலைகள்தான் புதியவர்களுக்கு. அதற்கே ஐந்நூறு மணி நேரம் கேட்கிறார்கள். ஓட்டினால்தான் மணி நேரம் கூடும். கூடினால்தான் ஓட்ட விடுவார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. 'ரூத் ஐந்நூறு மணி நேரம் பறந்தவள்' என்று திருத்தினேன்.

"அண்ணே, அத அடிங்க. பறக்காததப் பறந்தேன்னு லாக்புக்ல எழுதுனா லைசென்ஸப் பிடுங்கிருவாய்ங்க" என்று ரூத்தே குறுக்கே வந்தாள்.

அடித்தேன். பாத்திரங்கள் இவ்வளவு யோக்கியமாக இருந்தால் எழுதுகிறவன் எப்படிப் பிழைப்பது?

3

அதனால் பேயாண்டியைக் கொண்டுவந்தேன். செக்கானூரணிப் பக்கம் விவசாயம், கும்பாபிஷேகக் கமிட்டித் தலைவர். கோபுரத்தில் பூத்தூவ அவருக்கு விமானம் வேண்டும், அனுபவம் கேட்கமாட்டார்.

"கண்ணால பாத்துத்தான் ஓட்டுவியா தாயி?"

"ஆமாய்யா."

"பின்ன, மத்தவிங்க கண்ண மூடிக்கிட்டா ஓட்டுறாய்ங்க? சரி, கலசத்துல தண்ணி ஊத்தயில பூ விழுகணும். மேல கருடன் சுத்துனாத்தான் ஊத்துவோம்."

"பறவ சுத்துனா நான் கிட்ட வரக்கூடாதுய்யா. மோதிரும்."

"நீ வராட்டி பூ எப்படி விழுகும்?"

எழுதித்தான் பார்ப்போமே என்று அடுத்த தாளை எடுத்தேன்.

4

முதல் பிரதியில் கருடன் வந்தது. ரூத் விலகிப் போனாள். பூ பக்கத்து ஊர் மாட்டுத் தொழுவத்தில் விழுந்தது. இரண்டாவதில் கருடன் வரவில்லை. பேயாண்டி அண்ணாந்து பார்த்து, "அதான் ஒண்ணு சுத்துதுல்ல சாமி, ஊத்துங்க" என்றார். மகள் கருடனானதைப் பாதிரியாரிடம் ஞானசீலன் எப்படிச் சொல்வார்? அதையும் அடித்தேன்.

5

மூன்றாவதில் கருடனும் வரவில்லை, குடமும் சாயவில்லை. ரூத் பூ மூட்டையோடு சுற்றிக்கொண்டே இருக்கிறாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூ விழுந்தால் வேலை முடிந்துவிடும். விழாதவரை, சுற்றும் ஒவ்வொரு மணி நேரமும் அவள் நிஜமாகவே பறந்தது.*

"அண்ணே, பெட்ரோல்?"

"எழுதிட்டேம்மா. அது லாக்புக்ல வராது. நீ சுத்து."

"பொழுது சாஞ்சா இறங்கணும்ணே. கண்ணு தெரியணும்ல?"

இருநூற்று நாற்பது மணி நேரம் ஆகிவிட்டது. நான் முடிவு எழுதப்போவதில்லை. சூரியனை ஒற்றை ஆளாகப் பிடித்து வைத்திருக்கிறேன், கை கடுக்கிறது. வாசகரே, கொஞ்சம் வந்து இந்தப் பக்கம் பிடியுங்கள்.

* விமானி ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்பதற்குச் சட்டம் உண்டு. படித்தால் இந்தப் பகுதியை எழுத முடியாது என்பதால் படிக்கவில்லை.