கண் போன பறவை

பறவைகளுக்குக் கண் வைப்பதை எப்போதும் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். உடம்பு தடித்த அட்டை. அதன்மேல் பழைய தேசப்படத் தாளைக் கிழித்து ஒட்டி, மேலே வலைத்துணி, சிறகுக்குச் செப்புக் கம்பி, வாலுக்கு லேஸ், கிழிந்த குடைத்துணி, கையில் என்ன அகப்படுகிறதோ அது. எல்லாம் காய்ந்தபிறகு கண். அதை ஒட்டியதும் வெறும் அட்டை என்னைத் திரும்பிப் பார்க்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்தப் பாடெல்லாம். இதற்கு மிக்ஸட் மீடியா என்று பெயராம். என் நாத்தனார் வைத்த பெயர் குப்பை.

அவள் என் வீட்டுக்காரருடைய தங்கை. எங்கள் வீட்டிலிருந்து ஏழு தெரு தள்ளிக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலையில் விட்டுப்போய் மாலையில் வந்து தூக்கிக்கொள்வார்கள். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் ஒன்பது வாண்டுகள். இத்தனை வருஷமாக என் கைவேலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவள், வருஷக் கடைசி விடுமுறை நெருங்கும்போது வீடு தேடி வந்தாள்.

"அண்ணி, பிள்ளைங்க ஹாலுக்குத் தொங்கவிடற மாதிரி ஏதாவது செஞ்சு குடுங்களேன். லீவு விடறதுக்குள்ள மாட்டணும்."

"குப்பைதான் செய்வேன். பரவாயில்லையா?"

"ஐயோ, குத்திக் காட்டாதீங்க அண்ணி."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே முறுக்கிக்கொண்டேனே தவிர, அவள் படி இறங்கியதும் அட்டையை எடுத்துவிட்டேன். பத்தே நாளில் இருபத்திரண்டு பறவைகள். ஒன்றைப்போல் இன்னொன்று கிடையாது. கண்ணுக்கு மட்டும் பொத்தான், மணி, ஜிகினா வட்டம் என்று விதவிதமாக வைத்தேன். அப்படியும் நாலைந்து பறவைகளுக்குச் சரியான கண் அமையவில்லை. அலமாரி மேல் தட்டில் என் வீட்டுக்காரர் ஒரு சிவப்பு டப்பா வைத்திருந்தார். அவர் கடிகாரம் பழுதுபார்க்கிறவர். வாட்சுகளிலிருந்து கழற்றிய செத்துப்போன செல்களை அந்த டப்பாவில் சேர்த்துவைப்பார். கையில் கொட்டிப் பார்த்தேன். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது, பளபளவென்று, மீன் கண் தோற்றது போங்கள். கூட்டல் குறி போட்ட பக்கத்தில் பசை தடவிக் கீழே வைத்து, வழவழப்பான பக்கம் வெளியே தெரிகிற மாதிரி ஒட்டினேன். எத்தனை ஒட்டினேன் என்று எண்ணவில்லை. எண்ணிச் செய்தால் அது தொழிற்சாலை, கைவேலை இல்லை என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிகிறவள் நான்.

சாயங்காலம் போய் நானே மாட்டினேன். நாத்தனார் ஸ்டூலைக் கொண்டுவந்து, உயரமாகக் கட்டச் சொன்னாள். நான் விடவில்லை.

"மேல மாட்டினா உனக்கும் எனக்கும்தான் தெரியும். பிள்ளைங்க தொட்டுப் பாக்கட்டும்."

ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டி, இரண்டு வயதுக் குழந்தையின் மூக்குக்கு நேராகப் பறவைகளைத் தொங்கவிட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம்.

மறுநாள் பகல் பன்னிரண்டே முக்கால் இருக்கும். என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து அலமாரியைக் குடைந்தார்.

"அந்தச் சிவப்பு டப்பா எங்க? பழைய செல்லு எடுத்துட்டுப் போற ஆள் வந்திருக்காரு."

"மேசை மேல இருக்கு பாருங்க. கொஞ்சம் எடுத்துக்கிட்டேன்."

"எதுக்கு?"

"பறவைக்குக் கண்ணு வைக்க. எவ்வளவு எடுப்பா இருக்கு தெரியுமா? உங்க தங்கச்சியே அசந்துபோயிட்டா."

அவர் கோபக்காரர் இல்லை. வீட்டில் அந்தத் துறை என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்கு அவர் முகம் சாம்பலாகப் போனது.

"செத்த செல்லுதானேங்க," என்றேன்.

"வாட்சு ஓட்டத்தான் அதுக்குத் தெம்பு இல்ல. ஈரத்துல பட்டா சதையை அரிச்சிடும். குழந்தை முழுங்கிச்சுன்னா தொண்டை ஓட்டையாயிடும். ஒரு மணி, ரெண்டு மணி நேரம் போதும். எங்க ஒட்டின? பிள்ளைங்க கைக்கு எட்டுமா?"

எட்டுமாவா! சண்டை போட்டு எட்ட வைத்திருக்கிறேன். தலையை ஆட்டினேன்.

தங்கைக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பன்னிரண்டரைக்குப் பிள்ளைகளைத் தூங்கவைக்கிற நேரம். நாத்தனார் போனைச் சத்தமில்லாமல் செய்து அலமாரிக்குள் போட்டுவிடுவாள். "நான் கடையைப் பூட்டிட்டு வண்டியை எடுத்துட்டு வரேன்," என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் தெருவில் இருந்தேன். செருப்பு போட்டேனா என்றுகூட நினைவில்லை. ஏழு தெருவும் ஓடினேன். யாரோ ஒருவர் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். நின்று பதில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று ஓடினேன். முழுங்கியிருக்கக் கூடாது, முழுங்கியிருக்கக் கூடாது என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டு வந்தது.

காப்பகத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். ஒன்பது குழந்தைகளும் பாயில் வரிசையாகத் தூங்கின. நாத்தனார் உதட்டில் விரல் வைத்து "ஷ்..." என்றாள். நான் அவளைத் தள்ளிக்கொண்டு போய்க் கயிற்றை அறுத்தேன்.

"அண்ணி! உங்களுக்கு என்ன பைத்தியமா?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு இரண்டு பேருமாகப் பறவைகளை மடியில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பொத்தான்களும் மணிகளும் நூலால் தைத்தவை, ஒன்றும் அசையவில்லை. செல் கண்களை நகத்தால் நெம்பி நெம்பி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தேன். கடைசிக்கு முந்தின பறவை, குடைத்துணி வால் வைத்தது. கண் இருந்த இடத்தில் வட்டமாகப் பசை மட்டும்.

"ஜிகினா விழுந்திருக்கும் அண்ணி," என்றாள் நாத்தனார். கெஞ்சுகிற குரல்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காய்ந்த பசைக்குள் ஒரு கூட்டல் குறி பதிந்திருந்தது. ஜிகினாவில் ஏது கூட்டல் குறி?

"எத்தனை ஒட்டினீங்க? மொத்தம் எத்தனை?"

"எண்ணலம்மா."

"எண்ணலையா!" என்று அவள் கேட்ட விதம் இருக்கிறதே, கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

"தரையிலதான் கிடக்கும் அண்ணி. தேடலாம். கிடைச்சுட்டா யாருக்கும் தெரியவேண்டாம்."

நானும் தேடினேன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம், ஆனால் அதுதான் உண்மை. குழந்தைகளை எழுப்ப வேண்டும், உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று புத்தி சொன்னது. ஆனால் தரையில் அது கிடைத்துவிட வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை. பாய்க்கு அடியில், பொம்மைக் கூடையில், கதவிடுக்கில், குப்பைக் கூடையைக் கவிழ்த்து, முழங்கால் தேயத் தவழ்ந்தோம். பத்து நிமிஷம் போயிருக்கும். என் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"ஒண்ணு காணோம் அண்ணே. தேடறோம்," என்றாள் அவர் தங்கை.

"தேடறீங்களா? பிள்ளைங்க வயித்துல தேட வேண்டியதைத் தரையில தேடறீங்களா? எழுப்புங்க எல்லாத்தையும்!"

அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. குழந்தைகள் அலறிக்கொண்டு எழுந்தன. எதிர்வரிசை பேக்கரிக்காரர் தட்டுகளை இறக்கிப்போட்டுவிட்டு வேனைத் திறந்தார். மடிக்கு இரண்டு, தோளுக்கு ஒன்று என்று ஏற்றினோம். ஒருவன் ஓயாமல் எச்சில் ஒழுகவிட்டான். "இவன்தான், இவனாத்தான் இருக்கும்," என்றேன். "அவனுக்குப் பல்லு முளைக்குது," என்றாள் நாத்தனார். இன்னொருத்தி இருமினாள். என் உயிர் போய் உயிர் வந்தது. என் மடியில் இருந்தவள் இரண்டு வயதுப் பெண். அழவில்லை, இருமவில்லை, என் வளையலை உருட்டிக்கொண்டு வந்தாள். மூக்கு மட்டும் ஒழுகியது.

"இவ சமத்து. மதியம்கூடத் தட்டைக் காலி பண்ணிட்டா. காலையிலேர்ந்து கொஞ்சம் சளி, அவ்வளவுதான்," என்று நாத்தனார் முந்தானையால் துடைத்துவிட்டாள். வேன் போய்ச் சேர்வதற்குள் மூன்று தடவை துடைத்தாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு வெளியே நீள பெஞ்சு. நாத்தனார் ஒரு மூலையில் நின்றுகொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தாள். "ஒரு பொம்மையிலேர்ந்து செல்லு விழுந்துடுச்சுங்க. கடையில வாங்கினதுதான்... இல்லைங்க, பயப்படாதீங்க..." கடையில் வாங்கியது என்று சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

தொண்டையிலிருந்து வயிறு வரை ஒவ்வொரு குழந்தைக்கும் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவை அந்தக் கதவு திறக்கும்போதும் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முதல் குழந்தை, இல்லை. இரண்டு, இல்லை. எச்சில் ஒழுகியவன், இல்லை. ஐந்து, ஆறு, ஏழு. ஒன்பதாவது படத்தையும் பார்த்துவிட்டு டாக்டரம்மா தலையை ஆட்டினார்.

"படத்துல எதுவும் இல்ல."

நாத்தனார் சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதாள். "பாத்தீங்களா அண்ணி? தரையிலதான் கிடக்கு. நான்தான் சொன்னேனே." நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். இவ்வளவு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. குழந்தைகளுக்குச் சட்டை போட ஆரம்பித்தோம்.

"எங்க கிளம்பறீங்க? மூக்கும் காதும் பாக்க வேண்டாமா?" என்றார் டாக்டரம்மா, டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு.

நாலாவதாகத்தான் அந்தச் சமத்தைத் தூக்கி உட்காரவைத்தேன். டாக்டரம்மா அவள் முகவாயைத் தூக்கினார். அவர் எதுவும் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒழுகியது ஒரு பக்கத்து மூக்கு மட்டும். அதுவும் சளி நிறம் இல்லை, பழுப்பாக, துரு கலந்த தண்ணீர் போல. சளி பிடித்தால் இரண்டு பக்கமும் அல்லவா ஒழுகும்? துடைத்துத் துடைத்து விட்டோமே, ஒருத்தியாவது பார்த்தோமா?

"கெட்டியாப் பிடிங்க."

நான் தலையைப் பிடித்தேன். என் வீட்டுக்காரர் கால்களைப் பிடித்தார். அதுவரை சத்தமே போடாதவள் போட்ட கூச்சலில் அந்த அறையே கிடுகிடுத்தது. இடுக்கியின் நுனியில் அது வந்தது. நான் ஒட்டும்போது வெள்ளியாக இருந்த கண், கன்னங்கரேலென்று இருந்தது. மூக்கிலிருந்து ரத்தம் என் மணிக்கட்டில் வழிந்தது.

"ஓட்டை விழுந்திருக்கா டாக்டர்?" என்று கேட்டேன்.

மறுபடி மறுபடி கழுவி, மறுபடி மறுபடி பார்த்தார். "உள்ள தோல் வெந்திருக்கு. ஓட்டை விழல. சளின்னு நெனச்சு ராத்திரி தூங்கவெச்சிருந்தா காலையில விழுந்திருக்கும். ரெண்டு நாள் இங்க இருக்கட்டும். அப்புறமும் வந்து காட்டணும்."

அவளுடைய அம்மா அப்போதுதான் வந்தாள். சலவைக்கடையில் துணி தேய்க்கிறவள். கழுத்தெல்லாம் வேர்த்து, மூச்சு வாங்க நின்றாள். டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுவிட்டுக் குழந்தையை முத்தமிட்டாள். பிறகு யார் இவர்களைக் கூட்டிவந்தது என்று கேட்டிருக்கிறாள். பேக்கரிக்காரர் என்னைக் காட்டியிருக்கிறார். நேராக வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பகலெல்லாம் இஸ்திரிப்பெட்டி பிடித்த கைகள், சுடச்சுட இருந்தன.

"ஏழு தெரு வெறுங்காலோட ஓடி வந்தீங்களாமே அக்கா. நீங்க மட்டும் வரலைன்னா எம்பொண்ணு மூக்கு என்ன ஆயிருக்கும்? எங்க குலசாமி மாதிரி வந்தீங்கக்கா."

அவள் தோளுக்குப் பின்னால் நாத்தனார் நின்றாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் கிடையாது. காப்பகத்தை நம்பித்தான் அவள் பிழைப்பு. பேசாமல் இருந்தால் போதும். அந்தச் சூடான கைகள் இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

"அது கடையில வாங்கினது இல்லம்மா," என்றேன். "அந்தப் பறவையை நான்தான் செஞ்சேன். அந்தக் கண்ணை ஒட்டினது நான்."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"அது செல்லுன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல? தெரியாமத்தானே ஒட்டினீங்க?"

எனக்காக அவளே ஒரு பதிலைத் தேடி எடுத்துக் கையில் கொடுக்கிறாள். பதினெட்டு வருஷமாகக் கடிகாரக்காரர் பெண்டாட்டியாக இருக்கிறேன்.

"தெரியும்," என்றேன். "பளபளன்னு அழகா இருந்துச்சு. அதான் ஒட்டினேன்."

அவள் என் கைகளை விட்டுவிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி, முகம் எனக்குத் தெரியாதபடி தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.