இடப்பக்கம் பதினொன்று, வலப்பக்கம் ஒன்பது

1

என் தங்கைக்கு நான் கடைசியாகச் செய்தது ஒரு திருத்தம். இந்தக் கதை அதிலிருந்துதான் வந்தது. அதனால் அங்கேயே தொடங்குகிறேன்.

அவள் போஸ்டர் வரைபவள். நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். ஒரே வீடு, ஒரே மேசை, ஆளுக்கொரு முனை. வீட்டைவிட்டு வெளியே போகும் எந்தத் தாளும் என் முனைக்கு வந்துவிட்டுத்தான் போகும். அன்று காலை, நூலகத்தின் அலங்காரக் கலைக் கண்காட்சிக்கான போஸ்டரை என் பக்கம் தள்ளினாள். அச்சகம் கொடுத்த மாதிரித் தாள். மதியத்துக்குள் ஒப்புதல் சொல்லியாக வேண்டும். எழுத்துப் பிழை இல்லை. தேதிகள் சரி. அதோடு விட்டிருக்கலாம். யாரும் கேட்காமல் கொடியின் இலைகளை எண்ணினேன். சிவப்புப் பேனாவால் ஓரத்தில் எழுதினேன்: 'இட. 11, வல. 9. சரிபார்க்கவும்.'

"இலையை எல்லாம் யாராவது எண்ணுவாங்களாக்கா?"

"நான் எண்ணுவேன்."

"அதான் வருஷா வருஷம் கண்ணாடி மாத்துற."

செருப்பை மாட்டிக்கொண்டு, "வந்துடறேன்" என்றாள்.

(வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன். 'அன்று வானம் மேகமூட்டமாக' – இல்லை, நல்ல வெயில். 'வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்து' – பார்க்கவில்லை.)

2

போஸ்டரைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. நூறு வருடத்துக்கு முந்தைய இரண்டு பாணிகளை ஒரே தாளில் கேட்டிருந்தார் நூலகர். முதலாவது ஆர்ட் நூவோ. கொடி, தண்டு, அலையும் கூந்தல் என்று எல்லாமே வளைந்து போகும். அதற்குப் பின்னால் வந்த ஆர்ட் டெகோவில் படிக்கட்டு, விசிறி, சூரியக் கதிர். எல்லாம் அளவுகோல் வைத்துக் கீறியது.

"மாமியாரையும் மருமகளையும் ஒரே ரூம்ல போடச் சொல்றார்" என்று இரண்டு நாள் புலம்பினாள். மூன்றாம் நாள் வழி கண்டுபிடித்தாள். அடியில் இரண்டு ஓரங்களிலும் கொடிகள். மேலே ஏற ஏற வளைவு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, உச்சியில் கதிர்களாகிவிடும். எந்த இடத்தில் நிமிர்கிறது என்று என்னால் இன்றுவரை பிடிக்க முடியவில்லை. பாசிப்பச்சை, கடுகு மஞ்சள், கறுப்பு. மூன்றே நிறம்.*

* பொதுவாக ஒரு பாதியை வரைந்து கணினியில் திருப்பிப் போட்டுவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை. அவள் இரண்டு பக்கத்தையும் கையால் வரைந்தாள். ஆகவே ஒன்பது இலை என்பது அவள் விருப்பமா, கை தவறியதா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். நான் 'சரிபார்க்கவும்' என்று எழுதினேன்.

3

இங்கே ஒரு பத்தி வர வேண்டும். ஒரு சாலை, ஒரு வேன், பத்தே கால் மணி. அதை நான் எழுதப்போவ–

எனக்கு வேண்டியது நடந்த இடம் மட்டும். அது ஒரு நாற்சந்தி. அவள் இன்னும் எந்தப் பக்கமும் திரும்பியிருக்கவில்லை. சாலையைக் கடந்து இடப்பக்கம் திரும்பினால் அச்சகம். வலப்பக்கம் கடைத்தெரு. வீட்டில் சோப்பு தீர்ந்திருந்தது, அதுவும் உண்மை. ஆனால் அவள் அச்சகத்துக்குத்தான் புறப்பட்டாள் என்றால், இரண்டு இலை சேர்க்கப் புறப்பட்டாள். அதாவது என் பேனா சொல்லிப் புறப்பட்டாள்.

இந்தக் கதைக்கு வேறு கேள்வி கிடையாது.

4

அச்சகக்காரர் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. மனிதர்மேல் இல்லை, பாத்திரத்தின்மேல். எழுத எழுத ரொம்ப நல்லவராக வந்துகொண்டிருக்கிறார். சமன் செய்ய இரண்டு குறைகளைச் சேர்க்கிறேன்: சொன்ன நாளில் எதையும் கொடுத்ததில்லை, எதிராளியைப் பேசி முடிக்க விடமாட்டார். இரண்டும் நிஜம்.

பத்து நாள் கழித்துப் போனேன். போஸ்டர்கள் அச்சாகிக் கட்டுக் கட்டாக இருந்தன. வலப்பக்கம் ஒன்பதுதான்.

"அன்னிக்குக் காலையில என் தங்கச்சி உங்ககிட்ட–"

"போன் பண்ணாங்கம்மா. பத்து மணி இருக்கும். எங்க அக்கா உக்காந்து இலை எண்ணியிருக்கா, நீங்க ஒண்ணும் மாத்தாதீங்க, அப்படியே போட்டுடுங்கன்னாங்க. வாசல்ல நின்னு பேசறேன், அவ காதுல விழுந்தா வம்புன்னு ஒரே சிரிப்பு."

அவள் பேசுவது போலத்தான் இருந்தது. சரிபார்க்க அவள் போன் இல்லை, அன்றே நொறுங்கிவிட்டது. ஆனால் அவர் துக்கத்துக்கு வந்திருந்தார். அன்று நான் வருகிறவர்களிடமெல்லாம் இலைகளைப் பற்றியே அழுதுகொண்டிருந்தேன்.

"எனக்காகச் சொல்லலையே?"

"நான் எதுக்கும்மா பொய் சொல்லப்போறேன்? போன்லயே இருக்கும், பாருங்களேன்."

மை படிந்த கையை வேட்டியில் துடைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

5

முதல் முடிவு: வாங்கிப் பார்க்கிறேன். அந்தத் தேதி, அந்த நேரம், அவள் எண். சோப்பு வாங்கப் போனவள்தான். வீட்டுக்கு வந்து தூங்குகிறேன்.

இரண்டாவது: வாங்கிப் பார்க்கிறேன். அந்தக் காலையில் அவள் எண் இல்லை. "என்னமோ, உங்களுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு" என்று அவர் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொள்கிறார். இது நன்றாக எழுத வந்தது. அதனாலேயே நம்பவில்லை.

நடந்தது இரண்டும் இல்லை. "இருக்கட்டும்" என்றேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றுவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். இல்லாததை ஒருவர் அப்படி நீட்டுவாரா என்று ஒரு நாள் தோன்றுகிறது. வாங்கமாட்டாள் என்று தெரிந்தேதான் நீட்டினாரோ என்று மறுநாள்.

படிக்கிற உங்களுக்கு அந்தக் கை இன்னும் நீண்டேதான் இருக்கிறது. வேண்டுமானால் வாங்கிப் பாருங்கள். பார்த்ததை எனக்குச் சொல்ல வேண்டாம்.

6

கண்காட்சி முடிந்து ஏழு மாதமாகிறது. நூலகத்தின் பக்கவாட்டுச் சுவரில் ஒரு போஸ்டரை மட்டும் யாரும் கிழிக்கவில்லை. போன வாரம் அதன் எதிரில் நின்று, வழக்கம்போல் முதல் எழுத்திலிருந்து படித்துப் பார்த்தேன். இலைகளை எண்ணவில்லை. தேதிகள் காலாவதி. நுழைவு நேரத்தை மாற்றிவிட்டார்கள். தொடர்புக்கு என்று போட்டிருந்த நூலகர் மாற்றலாகிப் போய்விட்டார். கடைசி வரி மட்டும் இன்றும் சரி: திங்கட்கிழமை விடுமுறை.