சென்னியப்பரின் கிணறு நிறைந்த விதம்

1983ஆம் ஆண்டுக் கோடையில் சேந்தமங்கலத்துக் கிணறுகளெல்லாம் வறண்டு கிடக்க, சென்னியப்பரும் அவர் தம்பி அப்புசாமியும் பங்காக வைத்திருந்த கிணற்றில் மட்டும் நீர் சாண் சாணாக ஏறியது. மழை பெய்யவில்லை, புதிய ஊற்றும் திறக்கவில்லை. அறுபத்தெட்டு வயதான சென்னியப்பர் எதையேனும் மறக்கும்தோறும் நீர் ஏறிற்று என்பதே, பணிவுடன் குறிப்பிடத்தக்க ஒரே காரணம். இதனை முதலில் கண்டுகொண்டவர் அவருடைய மருமகள் ராஜம்மாள். சாப்பிட்ட கையின் ஈரம் காயுமுன் மாமனார், "சோறு ஆச்சுங்களாம்மா?" என்று கேட்டபோது ஒரு சாண் ஏறியது. மோட்டார் கொட்டகைச் சாவி உப்புச்சட்டியில் கிடைத்த அன்று மேலும் ஒரு சாண். நாற்பது ஆண்டுகளாக வெல்லம் விற்கக் கொண்டுபோன செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில், மண்டிக்குத் திரும்பும் சந்து தெரியாமல் அவர் உச்சிவெயில் வரை நின்றபோது, கிணற்றில் மூன்று படிகள் மூழ்கின.

சகோதரர் இருவரும் நாள்விட்டு நாள் முறைவைத்தே நீர் பாய்ச்சுவது வழக்கம். பிறர் முறையை ஒருபோதும் தொட்டறியாத சென்னியப்பர், தம்பியின் நாளில் மூன்று தடவை மோட்டாரைப் போட்டுவிட்டார். "ஏனுங்கண்ணா, இந்த வயசுல எம்முறையத் திருடோணுமா?" என்று சீறிய அப்புசாமி, கிணற்றின் நடுவே சுவர் எழுப்பப்போவதாகவும் அண்ணன் வாசலை இனி மிதிப்பதில்லை என்றும் சூளுரைத்தார். தாம் செய்த பிழை இன்னதென்று புரியாமல் சென்னியப்பர் தலைகுனிந்து நின்றார். ராஜம்மாள் ஒரு சொம்பில் நீர் மொண்டுவந்து, "திருட்டில்லீங்க சின்ன மாமா, மறதிங்க. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்று நீட்டினார். குடித்த அப்புசாமிக்குத் தாம் ஒருநாளும் காணாத காட்சியொன்று நினைவுக்கு வந்தது: 1975இல் அவருடைய மஞ்சள் வாடியபோது, அண்ணன் தம் முறை நீரை ஒருவருக்கும் தெரியாமல் தம்பியின் வயலுக்குத் திருப்பிவிடுகிறார். விளைச்சலைத் தம் கைராசி என்று எட்டாண்டுகள் பெருமை பேசியவர் படியில் அமர்ந்து, "அட, கள்ள அண்ணா!" என்று அழுதுகொண்டே சிரித்தார். சுவருக்கென இறக்கிய கற்களைக் கொண்டு கிணற்றுக்கு ஐந்து படிகள் கூடுதலாகக் கட்டப்பட்டன.

அதன்பின் செவ்வாய்ப்பேட்டைக்கு அண்ணனைத் தம்பியே கைபிடித்து அழைத்துச் சென்றார். தெருவே அந்நீரைக் குடித்ததால், சென்னியப்பர் இழந்தவை யாவும் யாரேனும் ஒருவரிடம் பத்திரமாக இருந்தன. அவருக்கு மட்டும் அது வெறும் தண்ணீராகவே இருந்தது. சென்னியப்பரின் கல்யாணத்தில் மாட்டுவண்டி குடைசாய்ந்த கதையைத் தபால்காரர் சொல்ல, அவர் பதினோரு தடவை புதிதாகக் கேட்டுப் பதினோரு தடவையும் வயிறு வலிக்கச் சிரித்தார்.

1988 தையில் கிணற்று நீர் விளிம்பைத் தொட்டது. சென்னியப்பர் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் மரியாதையாகக் கேட்டார்.

"நல்ல தண்ணிங்க. யாரு கெணறுங்க?"

"நம்ம கெணறுதானுங்கண்ணா."

"இன்னிக்கு யாரு முறைங்க?"

அன்று அப்புசாமியின் முறை.

"உங்க முறைதானுங்க" என்று கூறி, அப்புசாமி போய் மோட்டாரைப் போட்டார்.