பஸ்ஸில் இருமக் கூடாது

கணவாய்ச் சாலையின் ஒவ்வொரு வளைவிலும் ஹெல்காவுக்கு இருமல் வந்தது. ஒவ்வொரு முறையும் கருப்பு ரொட்டியில் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு, இருமலையும் அதோடு சேர்த்து விழுங்கினாள். பக்கத்து இருக்கையில் இல்தா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பின்பாதியில் ஸ்கீ பைகள் அடுக்கியிருந்தன. அவற்றுக்கு மேலே கட்டிய கயிற்றில் எல்லோருடைய ஈரக் காலுறைகளும் ஆடின. பஸ்ஸின் வெளிப்புறத்தில் இந்தப் பக்கம் ஒரு கதவுப் படம், அந்தப் பக்கம் ஒரு கதவுப் படம். ஃபின்லாந்தில் கதவு செய்து விற்கும் கம்பெனியின் அணி அது. குளிர்காலம் முழுக்க நாடு நாடாகப் போய் நெடுந்தூரப் பனிச்சறுக்குப் பந்தயங்களில் ஓடுவார்கள். நெற்றிப்பட்டையிலும் கதவு, தொடையிலும் கதவு. கதவு வாங்கும் உத்தேசமே இல்லாத இத்தாலியப் பசுக்கள்கூட அதைப் பார்த்து வைத்திருந்தன.

இருமியவர் இறங்க வேண்டும் என்பது பஸ்ஸின் எழுதாத சட்டம். சென்ற மாதம் ஒன்னி என்பவன் செக் நாட்டு எல்லையில் இரண்டு தும்மல் போட்டான். அடுத்த பெட்ரோல் பங்க்கை ஒட்டிய விடுதியில் அவனையும் அவன் பெட்டியையும் இறக்கினார்கள். மேலாளர் கார்லோ கை குலுக்காமல், முழங்கையால் இடித்து வழியனுப்பினார். பிறகு ஒன்னியின் பெயரையே யாரும் எடுக்கவில்லை, பெயரிலும் கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதுபோல.

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தைப் பார்க்க முதலாளியே வருகிறார். அணியிலிருந்த நான்கு பெண்களில் இருவரைத்தான் அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளப் போகிறார். பந்தயத்தில் இறங்காதவள் பெயர் பேச்சிலேயே வராது.

விடுதி அறைக்கதவைச் சாத்தியதும் இல்தா சொன்னாள், "இப்ப இருமி முடிச்சிடு. பஸ்லேயே பாத்துட்டுதான் வந்தேன். ஒரு முழு ரொட்டியத் தின்னுருக்க."

ஹெல்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு இருமலும் வந்தது. தலையணையில் முகத்தைப் புதைத்து இருமினாள்.

"காய்ச்சலா?"

"ம்."

"காய்ச்சலோட ஓடினா கிருமி நெஞ்சுல போய் உக்காந்துக்கும். உனக்கு நான் சொல்லணுமாடீ?"

"ஓடலன்னா நான் எங்க போய் உக்காருறது? மீன் கிடங்குக்குத்தான் போகணும். இந்த வயசுல என்னை வேற எந்த அணி கூப்பிடும்?"

இல்தா ஜன்னலைத் திறந்துவிட்டு, தன் கட்டிலைச் சுவரோரம் வரை இழுத்துக்கொண்டாள். தூங்கும்போது கையில் கட்டிய கடிகாரம் துடிப்பை எண்ணி, விடிந்ததும் கார்லோவின் திரைக்கு அனுப்பிவிடும். அதில் யாருக்குத் துடிப்பு ஏறியிருக்கிறதோ அவர் அன்றைக்கு ஓடமாட்டார்.

"இன்னிக்கு சார்ஜ் தீர்ந்துடுச்சுன்னு சொல்லிக்கிறேன். நாளைக்கு ராத்திரி என் கடிகாரத்தையும் நீ கட்டிக்கோ. ஒரு ராத்திரிதான்" என்றாள் ஹெல்கா.

"நல்லா இருக்கே! எனக்கு என்ன கிடைக்கும்?"

"காத்து. அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க எதிர்காத்துதான். நான் முன்னால போய் வாங்கிக்கிறேன். நீ என் முதுகுக்குப் பின்னால பதுங்கி வா. கடைசி ஏத்தத்துக்கு வரும்போது கை சோராம இருப்ப."

"எது வரைக்கும்?"

"பாலம் வரைக்கும்."

"பாலம் வரைக்கும் பச்சப்புள்ளகூட இழுக்கும். ஏத்தத்தோட அடி வரைக்கும்."

ஹெல்கா கூரையைப் பார்த்தாள். "சரி. ஏத்தத்தோட அடி."

சனிக்கிழமை இரவு ஹெல்கா கடிகாரத்தை ஸ்பிரிட்டால் துடைத்துத் தரையில் சறுக்கிவிட்டாள். இல்தா அதைக் கால்விரலால் நிறுத்தி, இன்னொரு முறை துடைத்துக் கட்டிக்கொண்டாள். கழுத்து நரம்பில் விரல் வைத்துப் பார்த்துவிடுவோமோ என்ற பயத்தில் ஹெல்கா இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு விழித்துக் கிடந்தாள்.

காலைக் கஞ்சிக்கு உட்கார்ந்தபோது கார்லோ கையிலிருந்த திரையை விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இதென்னடா அதிசயம்! உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி துடிக்குது. புரண்டு படுத்ததுகூட ஒரே நேரம்!"

மேசையே சிரித்தது.

"ஒரே பஸ்ஸு, ஒரே கஞ்சி. நெஞ்சு மட்டும் வேற மாதிரியா இருக்கும்?" என்றாள் இல்தா.

கார்லோ ஹெல்காவைப் பார்த்தார். மூக்கு நுனி சிவந்திருந்தது. கரண்டி கிண்ணத்தில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. அடுத்த மேசையில் முதலாளி ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டு, தன் பெண்கள் எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். கார்லோ அவரையும் ஒருமுறை பார்த்தார்.

"நம்பர் நல்லா இருக்கு. நான் நம்பரத்தான் நம்புவேன்" என்று திரையை அணைத்தார்.

ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்த ஹெல்காவுக்கு, அவர் கேட்காமல் போனதும் பயம் இரட்டித்தது.

மெழுகு வண்டி வாசலில், அணிக்கு மெழுகு பூசும் உர்போ ஸ்கீக்களின் அடியை நைலான் துணியால் கடைசியாக ஒருமுறை தேய்த்து நீட்டினார். ஹெல்கா வாங்கும்போது விரல்கள் பட்டன.

"ஏம்மா, கை அடுப்பாட்டம் இருக்கு?"

"கையுறைக்குள்ள இருந்துச்சு."

"கையுறைய இப்பத்தானே மாட்டுற?"

அவள் கையுறையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். உர்போவின் ஒப்பந்தமும் வசந்தத்தோடு முடிகிறது. அவர் திரும்பி மெழுகுக் கட்டிகளை அடுக்கத் தொடங்கினார்.

துப்பாக்கி வெடித்தது. இரண்டு கோலையும் சேர்த்து ஊன்றி, இடுப்பை மடித்துத் தள்ளி, நிமிர்ந்து, மறுபடி ஊன்றி ஓடினார்கள். வயல்களைத் தாண்டியதும் காற்று நேரே முகத்தில் விழுந்தது. ஹெல்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஊர்முனைகளில் நீட்டிய சூடான பழரசக் கோப்பையை வாங்கி வாயில் ஊற்றிக்கொண்டாள். நாக்கில் எந்த ருசியும் தட்டவில்லை. பின்னால் இல்தாவின் மூச்சு ஒரே சீராகக் கேட்டது. தன் மூச்சுக்குள் வேறு ஏதோ சத்தம் இருந்தது.

பாலம் வந்தது.

"போதும்டீ! விலகு, நான் முன்னால வர்றேன்!" இல்தா கத்தினாள்.

"பேசினது பேசினதுதான்."

"பேச்சாவது மண்ணாவது! விலகுடீ!"

ஹெல்கா விலகவில்லை. ஏற்றத்தின் அடியில்தான் தடத்தை விட்டு ஒதுங்கினாள். இல்தா அவளைத் திரும்பிப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள், மேட்டில் ஏறிக்கொண்டிருந்த மற்ற இரண்டு கதவுக்காரிகளையும் பார்த்தாள். பிறகு ஏறிப் போய்விட்டாள்.

ஹெல்காவும் ஏறினாள். பாதி மேட்டில், நெஞ்சுக்குள் ஈரத்துணியை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் இருந்தது. கோல்களை ஊன்றினாள். தள்ளக் கை வரவில்லை. ஸ்கீக்கள் மெல்லப் பின்னோக்கி வழுக்கத் தொடங்கின.

விழுந்து கிடந்தவளிடம் ஸ்ட்ரெச்சருக்கு முன்பே கார்லோ ஓடி வந்துவிட்டார். புகைப்படக்காரன் ஒருவன் குனிந்து கேமராவைத் தூக்குவதற்குள், அவள் நெற்றிப்பட்டையை உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இதயத் தசை வீங்கியிருக்கிறது, தானாக எழுந்து நிற்கவே கூடாது, ஆறு மாதத்துக்கு ஒரு மாடிப்படிகூட ஏறக் கூடாது என்றார் மருத்துவர். மறுபடி பந்தயத்தில் ஓடுவதைப் பற்றி ஹெல்கா கேட்டாள். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

மறுநாள் முகமூடி போட்டுக்கொண்டு, ஆரஞ்சுப் பழப் பையோடு கார்லோ வந்தார். நிலைப்படியிலேயே நின்றார்.

"ராத்திரி கடிகாரம் யார் கையில இருந்துச்சு?" என்று கேட்டார்.

அவள் கம்பளியின் ஓரத்தை மடித்தாள்.

"சொல்ல வேணாம், விடு. உன் கையிலதான் இருந்துச்சுன்னா, நீ நல்லாத்தான் இருந்த. எங்களுக்கு எதுவும் தெரியாது. உன் கையில இல்லன்னா, நீ எங்கள ஏமாத்தியிருக்க. எப்படிப் புரட்டிப் போட்டாலும் கம்பெனி மேல ஒண்ணுமில்ல."

"உங்களுக்குத் தெரியும் கார்லோ. கஞ்சி குடிக்கையிலேயே தெரியும்."

"எனக்கு நம்பர் தெரியும்." அவர் குரலைத் தணித்தார். "எனக்கும் மேல ஆள் இருக்கு, ஹெல்கா."

"இல்தா?"

"நல்ல இடத்துல வந்தா. கையெழுத்து ஆயிடுச்சு. கீழ பஸ்ல இருக்கா. நாளான்னிக்கு நார்வேல பந்தயம், உனக்கே தெரியும், இப்ப யாரும் ஆஸ்பத்திரிக்குள்ள வர முடியாது."

உள்ளே வந்து ஆரஞ்சுப் பையை நாற்காலியில் வைத்தார். கொக்கியில் தொங்கிய குளிர்ஜாக்கெட்டை எடுத்து, அதன் பைகளில் இருந்த உதட்டுக் களிம்பையும் கசங்கிய கைக்குட்டையையும் மேசை மேல் வைத்தார்.

"இது கம்பெனியோடது. அணியில இல்லாதவங்க போடக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டு, முழங்கையைச் சற்றே உயர்த்திக் காட்டிப் போனார்.

கீழே பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது.

சற்றுப் பொறுத்து நர்ஸ் சக்கர நாற்காலியோடு வந்தாள். நெஞ்சைப் படம் எடுக்கும் இயந்திரம் முற்றத்துக்கு அந்தப் பக்கக் கட்டடத்தில் இருந்தது. "கோட்டு எங்க?" என்று சைகையில் கேட்டாள். ஹெல்கா கொக்கியைக் காட்டினாள். நர்ஸ் கொக்கியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கட்டில் கம்பளியை உருவி அவளைக் கழுத்து வரை சுற்றினாள்.

முற்றத்தின் நடுவில் சக்கரம் பனியில் புதைந்தது. நர்ஸ் இரண்டு முறை முட்டித் தள்ளிப் பார்த்துவிட்டு, ஆள் கூப்பிட உள்ளே ஓடினாள். எழுந்து நிற்கக் கூடாதவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கம்பளியின் மேல் பனி விழுந்தது. மடியில் விழுந்தது கரைந்தது. முழங்காலுக்குக் கீழே விழுந்தது கரையாமல் அப்படியே நின்றது.