இருபத்தேழு பொட்டு வைத்த கார்

ஆக்சிலேட்டரை மிதித்தால் திம்மராயன் சாரின் கார் யோசிக்கும். ஒரு நொடி அப்படியே நிற்கும், ஒரு குலுக்குக் குலுக்கும், பிறகுதான் போகும். ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து மூன்று வாரமாக இதே கதை. ஓசூரில் மூன்று மெக்கானிக்குகள் பிளக்கை மாற்றி, பெட்ரோல் பம்பை மாற்றி, கடைசியில் கைவிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் அவருக்கு என் நினைவே வந்தது.

பாகலூர் ரோட்டில் நான் நடத்தும் மெக்கானிக் ஷெட் அவருடைய இடம். அதில் தோசைக் கடை போடவேண்டும் என்று அவருடைய அக்கா மகன் அஸ்வின் ஆறு மாதமாக அவரை நச்சரித்துக்கொண்டிருந்தான்.

"இத பாரு முனிலட்சுமி, வெள்ளிக்கிழமைக்குள்ள வண்டி சரியாவணும். ஓனர் வண்டியவே பாக்கத் தெரியலன்னா உனக்கெதுக்கும்மா ஷெட்டு? அஸ்வினுக்கு உட்டுடு" என்றார்.

அன்றைக்கு வியாழக்கிழமை. பத்து வருஷம் கம்பெனியில் எஞ்சின் கோத்துவிட்டு, வீட்டில் எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு வேலையை விட்டு வந்து போட்ட ஷெட் அது. தோசைக்கல்லுக்குக் கொடுப்பதா?

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்சீட்டில் அவர் மனைவி சரோஜம்மாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டு வந்தார். ஒரு தக்காளி டெம்போவை முந்தலாம் என்று மிதித்தேன். கார் யோசித்தது. எதிரே வந்த லாரிக்காரர் என் குடும்பத்தை ஒருவர் விடாமல் கன்னடத்தில் விசாரித்துவிட்டுப் போனார்.

ஷெட்டுக்குத் திரும்பி, கோளாறு காட்டும் ஸ்கேனரைச் சொருகினேன். எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்க ஒரு சென்சார் உண்டு. அது சொல்லும் அளவுக்குத்தான் பெட்ரோல் வரும். இந்தக் காரில் அது வருகிற காற்றில் பாதியைத்தான் சொல்லியது. மிதித்தவுடன் பெட்ரோல் போதாமல் எஞ்சின் திணறியது அதனால்தான்.

பானெட்டைத் திறந்தேன். பேட்டரியில் பொட்டு, ரேடியேட்டர் மூடியில் பொட்டு, ஆயில் பார்க்கும் கம்பியின் நுனியில்கூடப் பொட்டு.

"இருபத்தேழு" என்றார் திம்மராயன் சார் பெருமையாக. "முப்பது வருசம் குவாலிட்டி சூப்பர்வைசரா இருந்தவன்மா நானு. கம்பெனியில ஆயுத பூஜைன்னா மிசினோட உள் பார்ட்டுக்குக்கூட நான் பொட்டு வைக்காம உடமாட்டேன்."

உள் பார்ட்டு என்றதும் எனக்குப் பொறி தட்டியது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். வெளிக்காற்று நுழையும் பக்கத்தில் வைத்திருந்தாலாவது தூளை ஃபில்டர் தடுத்திருக்கும். மகராசன், ஃபில்டரைத் தாண்டி எஞ்சின் பக்கம் உள்சுவரில் சந்தனத்தை அடை மாதிரி அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார். காய்ந்து உதிர்ந்த தூளெல்லாம் காற்றோடு போய் சென்சார் கம்பியில் படிந்திருந்தது.

மூன்று மெக்கானிக்கும் இதைப் பார்த்திருப்பார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு மூடியும் இருப்பார்கள். பூஜைக்கு வைத்த பொட்டை, வைத்தவரே தோளுக்குப் பின்னால் நிற்கும்போது துடைக்க யாருக்குக் கை வரும்? அதிலும் அவர் என் ஓனர். 'உங்க பக்திதான் சார் ரிப்பேரு' என்று சொன்னால் மறுநாளே அஸ்வின் மாவு கரைப்பான்.

"சார், சந்தனம் காஞ்சு உதிருது பாருங்க. இப்படி உட்டா சாமி குத்தம் ஆயிடும். அபிசேகம் பண்ணிட்டுப் புதுசா வச்சிடலாமுங்களா?" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அதுவும் சரிதான். எதுல பண்றது?"

சென்சார் கிளீனர் ஸ்பிரேயை எடுத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். நான் சென்சாரைக் கழற்றி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, முன்னும் பின்னும் அபிஷேகம் செய்தேன். பெட்டிக்குள் இருந்த சந்தனத்தை அவரே புதுத் துணியால் பயபக்தியோடு துடைத்தார்.

"புதுப் பொட்டு மூடிக்கு மேல வைங்க சார். உள்ள வச்சா யாருக்குத் தெரியும்? வெளிய இருந்தா நாலு பேரு கும்பிடுவாங்க."

வைத்தார். மறுபடி கிளம்பினோம். மிதித்தேன். கார் சீறிக்கொண்டு போனது. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பாத்தியா? எல்லாம் பூஜையோட மகிமை!" என்று தொடையைத் தட்டினார் திம்மராயன் சார். "நீ ஒரு ஸ்க்ரூவக்கூட மாத்தல. அபிசேகந்தான் சரி பண்ணுச்சு. அப்ப அந்த ஷெட்டு..."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நானே வெட்டிய குழியில் என்னையே தள்ளப் பார்க்கிறாரே! வண்டியை ஓரங்கட்டினேன்.

"காலி பண்ணிடறேன் சார். அடுத்த வருசம் பூஜை முடிஞ்சு வண்டி நின்னா அஸ்வின் தம்பிகிட்ட குடுங்க. தோசைக் கரண்டியால அபிசேகம் பண்ணுவாரு."

திம்மராயன் சார் வாயைத் திறந்தார். மிதித்தவுடன் அவர் கார் யோசித்த மாதிரியே யோசித்தார்.

பின்சீட்டில் கடலை உரிக்கும் சத்தம் நின்றது.

"அன்னிக்கே சொன்னேன்" என்றார் சரோஜம்மாள். "மூக்குக்குள்ள சந்தனத்த அடைக்காதீங்க, வண்டி எப்படி மூச்சு உடும்னு. கேட்டீங்களா? அந்தப் பொண்ணு உங்க மானத்தக் காப்பாத்தி வண்டியயும் ஓட வச்சிருக்குது. ஷெட்ட வேற புடுங்குவீங்களா? அஸ்வினுக்குத் தோசை திருப்பக்கூட வராது."

திம்மராயன் சார் பின்பக்கம் கையை நீட்டி ஒரு பிடி கடலை வாங்கி, ஷெட் வரும்வரை உரித்துக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஷெட் வாசலில் கார் வந்து நின்றது. காலி பண்ணச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். இறங்கியவர் கையில் சந்தனக் கிண்ணம். ஷெட் கதவுக்குப் பொட்டு வைத்தார், ஜாக்கிக்கு வைத்தார், ஸ்பானர் பெட்டிக்கு வைத்தார். நேராக என் புது ஸ்கேனருக்கு வந்தார். சந்தனம் வழியும் விரல் அதன் ஒயரைச் சொருகும் ஓட்டைக்கு மேலே வந்து, நின்றது.

"இதுக்கு எங்க வைக்கட்டும்மா?" என்று கேட்டார்.