மழைத் தண்ணீர் மட்டும்

பீப்பாயின் அடியில் குவளை இடித்து வெறுஞ்சத்தம் எழுந்தபோது யோகமலர் மற்ற இரண்டையும் எட்டிப் பார்த்தாள். மழைத் தண்ணீர் பிடிக்கும் மூன்று நீலப் பீப்பாய்களும் வற்றிவிட்டன. தொண்ணூற்றேழாம் ஆண்டு ஜூலை. ரொறன்ரோவில் பதினாறு நாட்களாக மழை இல்லை. பல்கலைக்கழகக் கட்டடத்தின் மொட்டைமாடியில், கண்ணாடிக் கூடத்துக்குள், இருநூறு தட்டுகளில் சதுப்புநிலப் பாசி கிடந்தது. நேற்றுவரை பச்சையாய் இருந்த நுனிகள் வெளுக்கத் தொடங்கியிருந்தன.

ஒஷாவா நகருக்கும் அப்பால் இருந்த ஒரு பெரிய சதுப்புக்காக வளர்ந்த பாசி அது. பூந்தோட்டக் கடைகளில் பையில் அடைத்து விற்கும் பீற் என்கிற மக்கிய பாசி மண்ணுக்காக, அந்த நிலத்தில் வடிகால் வெட்டி முப்பது வருடம் சுரண்டியிருந்தார்கள். இப்போது அது கறுத்து, காய்ந்து, காற்றடித்தால் தூசாய் எழும்பியது. அங்கே ஒரு கம்பனியின் காற்றாலைகள் வரவிருந்தன. செப்டெம்பர் பிறப்பதற்குள் பாசி விரித்துக் காட்டினால் காற்றாலைகளுக்கு இடையிலுள்ள நிலத்தைச் சதுப்பாகவே விட்டுவிடுவதாகக் கம்பனி ஒப்புக்கொண்டிருந்தது. இல்லாவிட்டால் அதன்மேல் சல்லிக்கல் கொட்டிப் பாதை போடும்.

இரண்டு வருடமாக இந்தப் பாசியை வளர்த்தவள் செலீன். யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்து, பத்து வயதில் ரொறன்ரோவின் பார்க்டேலுக்கு வந்து, சதுப்பு நிலங்களைப் படிக்கிற பெண். வடிகால்களை அடைப்பதற்காக ஐந்து கிழமை அங்கேயே தங்கப் போகும்போது, அதே கட்டடத்தைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த யோகமலரைப் பேராசிரியரிடம் மன்றாடி, பாசிக்குத் தண்ணீர் ஊற்றும் இந்த வேலைக்கு எடுத்தவளும் அவள்தான்.

“மழைத் தண்ணி மட்டும், அக்கா. அது முடிஞ்சா உடன எனக்குப் போன் எடுங்கோ. யோசிக்காதேங்கோ.”

புறப்படும்போது இப்படிச் சொன்ன செலீன், ஏன் மழைத் தண்ணீர் மட்டும் என்று சொல்லவில்லை, யோகமலரும் கேட்கவில்லை. துடைப்பத்தை வைத்துவிட்டு வந்தவளுக்கு முதல் நாளே ஒன்றும் தெரியாது என்று காட்டிக்கொள்ள மனம் வரவில்லை. இப்போதும் செலீனின் நம்பர் எழுதிய காகிதத் துண்டோடு தொலைபேசிவரை போனாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

தியாகலிங்கம் படியேறி வந்தார். கட்டடத்தின் காவலாளி. தேநீர்ப் போத்தலோடு இந்நேரம் மேலே வருவது அவர் வழக்கம்.

“என்ன தங்கச்சி, பாசிக்கு என்னை விடப் பெரிய காவல் போல! ஊரில கிணத்துக்கட்டில உந்தப் பாசியைச் சுரண்டி எறிய ஆள் பிடிக்கிறனாங்கள். இஞ்ச வளக்கச் சம்பளம் குடுக்கினம்!”

“பகிடி விடாதேங்கோ அண்ணை. மழைத் தண்ணி முடிஞ்சுது.”

“அப்ப உந்தப் பைப்பில வாறதென்ன, சாராயமோ?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு, அவர் சொன்னதில் பிழை எதுவும் தெரியவில்லை.

ஆனாலும் கவனமாகவே செய்தாள். குழாய்த் தண்ணீரை வாளிகளில் பிடித்து, குளோரின் மருந்து மணம் போக ஒரு முழுநாள் திறந்து வைத்தாள். பிறகு குவளையால் மெல்ல மெல்ல வார்த்தாள். பின்னேரம் நுனிகள் பச்சையாகித் தலை நிமிர்ந்தன. அன்று மல்வேர்ன் பஸ்ஸில் நின்றபடியே வீடு போனாலும் கால் வலி தெரியவில்லை.

பத்தாம் நாள் திரும்ப வெளுத்தது. வெளுப்பது தாகம் என்ற ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். இன்னும் ஊற்றினாள். மேலும் வெளுத்தது. வாளியில் பிடித்துவைக்கப் பொறுமையில்லாமல் ரப்பர்க் குழாயை நேரே மாட்டி, காலையும் மாலையும் பீச்சினாள். காய்ச்சல்காரனின் வாயைத் திறந்து கஞ்சி புகட்டுவது போல.

அப்போதுதான் செலீன் போன் எடுத்தாள். “எப்பிடி அக்கா? இஞ்ச இடிச்சு ஊத்துது. அங்கயும் மழையே?”

கண்ணாடிக்கு வெளியே வானம் தகரம்போல் காய்ந்து கிடந்தது.

“ஓம் பிள்ளை,” என்றாள் யோகமலர். “தண்ணி காணும், தாராளமாக் காணும்.”

ஓகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை செலீன் லொறியோடு வந்தாள். தட்டுகள் யாவும் வெளுத்துக் கிடக்கக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். பாசியை அவள் தொடவில்லை. ஒரு தட்டின் விளிம்பில் விரலை இழுத்து, ஒட்டிய வெள்ளைப் பொடியைப் பார்த்தாள். ஒவ்வொரு ஞாயிறும் யோகமலர் வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் புளி போட்டு உரசி எடுக்கிற அதே வெள்ளை.

“பைப் தண்ணியோ அக்கா?”

யோகமலர் தலையாட்டினாள்.

“உந்தத் தண்ணியில சுண்ணாம்பு இருக்கு. இது மழையில மட்டும் சீவிக்கிற சாதி.”

“என்னை ஏசு பிள்ளை. வாய்விட்டு ஏசு.”

செலீன் ஏசவில்லை. “ஞாயிறுக்குள்ள விரிக்காட்டித் திங்கட்கிழமை சல்லி வருதாம்,” என்றாள், வேறு யாருக்கோ சொல்வதுபோல.

பிறகு குனிந்து, மூலை மேசைக்கு அடியிலிருந்து ஒன்பது தட்டுகளை இழுத்தாள். குழாய் எட்டாத இடம். முதலில் வெளுத்தபோதே செத்துவிட்டதென்று யோகமலர் கைவிட்டவை. ஒரு சொட்டும் ஊற்றாதவை. செலீன் ஒரு நுனியைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்து, வெகுநேரம் பார்த்தாள்.

“இது காஞ்சது மட்டும். எழும்பினாலும் எழும்பும்.”

“எவ்வளவு நிலத்துக்குக் காணும்?”

“ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு.”

இருவரும் சுமந்துகொண்டு கீழே இறங்கினார்கள். தியாகலிங்கம் கதவைப் பிடித்தபடி நின்றார். இருநூறு தட்டுகளுக்கென்று எடுத்துவந்த லொறியில் ஒன்பதையும் வைத்துக் கட்ட ஒரு பிடிமானம் இல்லை. லொறி தெரு முனையில் திரும்பியபோது அவை வெறும் தளத்தில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வழுக்கிப் போய் இடிக்கிற சத்தம், யோகமலர் நின்ற இடம்வரை கேட்டது.